பள்ளி நாளில் பயணம்: போகலாமா, கூடாதா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

 கீழே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் சத்தம் இங்கே வரை வருகிறது. அதற்கு மேல் குரல் எழுப்பிப் பேசுவது எனக்குப் பழக்கம்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்திருக்கிறேன்.

என்னை இந்தத் தலைப்பில் பேசச் சொன்னதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். பள்ளி வேனுக்காகக் காலையில் கேட் அருகே நிற்கும் பெற்றோர்களுக்குள் சில வாரங்களாக ஒரே விவாதம். "சின்னக் கிளாஸ்தானே, ஒரு வாரம் லீவு போட்டால் என்ன ஆகிவிடும்?" என்கிறார்கள் ஒரு பக்கம். "படிப்பு விஷயத்தில் விளையாடக் கூடாது" என்கிறார்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேர் என் வீட்டுக் கதவையே தட்டி, "மேடம், நீங்களே சொல்லுங்கள்" என்றார்கள். என் தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் சட்டம். 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஓர் ஆண்டில் குறைந்தது 200 வேலை நாட்கள், ஆறு முதல் எட்டு வரை 220 நாட்கள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது அதன் அட்டவணை. எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் சொல்கிறது. சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை கட்டாயம் என்று நீங்கள் கேள்விப்படுவது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளுக்கானது. இரண்டாம் வகுப்புக் குழந்தையை ஒரு வாரம் ஊட்டிக்கு அழைத்துப் போனதற்காக நம் ஊரில் யாரும் உங்கள் மேல் வழக்குப் போட மாட்டார்கள்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இங்கிலாந்தில் பிள்ளைகள் இருக்கும் உறவினர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே பள்ளியின் அனுமதி இல்லாமல் 5 நாள் விடுப்பு எடுத்தால், குழந்தை ஒன்றுக்கு, பெற்றோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 80 பவுண்டு அபராதம் வரலாம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160 பவுண்டு. மகளைப் பள்ளி நாட்களில் ஒரு வாரம் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்ற ஜான் பிளாட் என்ற தந்தை, என் மகள் மற்ற நாளெல்லாம் ஒழுங்காகத்தானே பள்ளிக்குப் போகிறாள் என்று வாதாடிப் பார்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒழுங்காகப் போவது என்றால் பள்ளியின் விதிப்படி போவது என்று 2017-இல் அவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது.

நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அபராதம் இல்லாததால் இதை நாமேதான் யோசித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதுதான் சிரமம்.

சரி, ஒரு வாரம் போனால் என்ன போகும்? "போர்ஷன் போய்விடும்" என்று பயப்படுகிறோம். சின்ன வகுப்புகளில் போர்ஷனைப் பிடித்துவிடலாம். ஆனால் சில வாரங்கள் ஏணியில் ஒரு படி மாதிரி. அந்தப் படி இல்லாவிட்டால் அடுத்ததில் கால் வைக்க முடியாது. ஒன்றாம் வகுப்பில் தமிழ் எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். உயிர்மெய் மட்டும் 216. அவற்றை ஒவ்வொன்றாக யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கால், கொம்பு, சுழி என்று குறிகளைப் பழகுகிறார்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் பழகுகிற வாரத்தில் வராத குழந்தை, பல மாதம் கழித்தும் 'தேள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தெள்' என்று எழுதும். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல் அப்படிப்பட்டது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கும்போது, 2-இலிருந்து 7 போகாது, பக்கத்துப் பத்திடம் கடன் வாங்க வேண்டும் என்பதைக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்டித்தான் சொல்லித்தருவோம். குச்சியைப் பார்க்காத குழந்தை, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 35 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கும்.

ஆகவே எத்தனை நாள் என்பதைவிட எந்த நாட்கள் என்பதுதான் முக்கியம். ஜூனில் பள்ளி திறந்த முதல் 2 வாரம் வேண்டவே வேண்டாம். யார் பக்கத்தில் உட்காருவது, தண்ணீர் எங்கே குடிப்பது, மிஸ் எதற்குக் கோபப்படுவார், எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் அந்த 2 வாரத்தில்தான் குழந்தைக்குப் பிடிபடுகிறது. அப்போது வராத குழந்தை, வகுப்பு ஒரு குடும்பமாக ஆன பிறகு விருந்தாளி மாதிரி வந்து நிற்கும். தேர்வுக்கு முந்தைய வாரமும் வேண்டாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு முடிந்த கடைசி நாள், பொங்கலுக்கு முன்னும் பின்னும் வரும் ஒற்றை நாட்கள், சனி ஞாயிறுடன் ஒட்டிவரும் அரசு விடுமுறைகள் இவற்றோடு ஒன்றிரண்டு நாளைச் சேர்த்துக்கொண்டால் இழப்பு மிகக் குறைவு. எந்த வாரம் புதுப்பாடம், எந்த வாரம் திருப்புதல் என்று வகுப்பு ஆசிரியரைக் கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார். அதைக் கேட்கிற பெற்றோர்தான் குறைவு.

அடுத்து, நாட்களின் கூட்டல். 200 நாளில் 7 நாள் ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். ஒரு சராசரிக் குழந்தையின் வருஷத்தைப் பாருங்கள். மழைக்காலக் காய்ச்சல், சளி, வயிற்றுவலி என்று 6 நாள். சித்தி கல்யாணம், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று 3 நாள். குலதெய்வம் கோயில் கொடை 2 நாள். இந்தப் பயணம் 7 நாள். ஆக 18 நாள், அதாவது 9 சதவீதம். இன்னும் 2 நாள் சேர்ந்தால் 10 சதவீதம். அமெரிக்காவில் அந்த 10 சதவீதத்தைத் தாண்டும் குழந்தைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டியவர்கள் என்று குறித்து வைக்கிறார்கள். காய்ச்சல் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பயணம் ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. பயணத்தை முடிவு செய்யும் முன் பள்ளி டைரியை எடுத்து, இதுவரை எத்தனை நாள் போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபக்கமும் நியாயம் இருக்கிறது. மே மாதத்தில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்களுக்குத் தெரியும். கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் வந்தது. விமான டிக்கெட்டும் விடுதி வாடகையும் விடுமுறையில் ஏறிவிடும். சாதாரண ரயில் கட்டணம் எல்லா மாதமும் ஒன்றுதான், ஆனால் மே மாதத்தில் இடம் கிடைக்காது. 60 நாள் முன்னதாக முன்பதிவு திறக்கும் அன்று காலையிலேயே உட்கார வேண்டும். 5 வயது முடிந்த குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பணம் மட்டுமா? கணவனும் மனைவியும் வேறு வேறு கம்பெனியில் வேலை செய்கிற வீடுகள் நம்மிடம் அதிகம். இருவருக்கும் ஒரே வாரம் லீவு கிடைப்பதே அபூர்வம். அப்பா வளைகுடாவில் இருக்கிற வீடுகளும் இருக்கின்றன. அவர் வருகிற ஒரு மாதம் ஜூலையில் வந்தால், ஜூலைதான் அந்தக் குழந்தைக்குத் திருவிழா. அந்தக் குழந்தையைப் பார்த்து "வருகைப் பதிவு கெட்டுவிடும்" என்று சொல்ல என் நாக்கு வராது. ஊரில் படுக்கையில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போவதற்கும் இதுவே. பாடம் அடுத்த வாரமும் இருக்கும். பாட்டி இருப்பார்களா என்று யாருக்குத் தெரியும்?

"சீசன் பள்ளி நாளில்தானே வருகிறது" என்பார்கள் சிலர். அதையும் சரிபார்த்துவிடலாம். வேடந்தாங்கலில் பறவைகள் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இருக்கும். அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அதற்குள்ளேயே வருகின்றன. மூணாறு மலைகளில் 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்தது 2030-இல். அன்று மூன்றாம் வகுப்பில் இருக்கப்போகும் குழந்தைக்கு அதற்கடுத்த வாய்ப்பு 2042-இல், கல்லூரி வயதில். அதற்காக லீவு போடுங்கள் என்று நானே சொல்வேன். ஆனால் அந்தப் பூ ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இருக்கும், காலாண்டு விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். உண்மையில் மோதுவது குற்றாலம்தான். சாரல் விழும் ஜூன், ஜூலையில்தான் பள்ளியும் சூடுபிடிக்கிறது. அதற்கும் ஒரு வெள்ளிக்கிழமையைச் சனி ஞாயிறோடு சேர்த்தால் போதும்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். லீவு லெட்டர்.

ஒரு திங்கட்கிழமை, இரண்டாம் வகுப்பு. ஒரு பையன் லெட்டரை நீட்டினான். நான்கு நாள் கடுமையான காய்ச்சல் என்று எழுதி அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். பையனோ வெயிலில் கறுத்து, மூக்கு நுனி தோலுரிந்து, கொழுகொழுவென்று நின்றான். டிராயர் பாக்கெட்டில் கை விட்டபடியே இருந்தான். உள்ளே ஒரு சோழி. அவன் கடலைப் பார்த்திருக்கிறான். அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல முகம். "காய்ச்சல் சரியாயிடுச்சா?" என்று கேட்டேன். தலையாட்டினான். அன்று முழுக்க அந்தக் கை பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்துப் பெஞ்சில் இருந்தவனிடம்கூட அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு நாள் பாடத்தை அவன் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டான். அது எனக்குக் கவலையே இல்லை. கடலைப் பார்த்துவிட்டு வந்த குழந்தை அதைப் பற்றி வாய் திறக்க முடியாமல் போனதுதான் கவலை. அப்பா எழுதிய பொய்யைக் காப்பாற்றுகிற வேலை ஏழு வயதுப் பையன் தலையில் விழுந்துவிட்டது. சோழியைப் பற்றி வகுப்பில் பேசியிருந்தால் அன்று எனக்கும் ஒரு பாடம் கிடைத்திருக்கும், மற்ற நாற்பது பேருக்கும் கிடைத்திருக்கும்.

"உண்மையைச் சொன்னால் பள்ளியில் விடமாட்டார்களே" என்பீர்கள். சில பள்ளிகள் கண்டிப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்கும் விதத்தில் நிறைய இருக்கிறது. பயணத்துக்கு 2 வாரம் முன்னதாக இப்படி எழுதிப் பாருங்கள்: "மகளை இந்த நான்கு நாட்கள் வெளியூர் அழைத்துச் செல்கிறோம். என் கணவருக்கு அப்போதுதான் விடுப்பு கிடைத்துள்ளது. அந்த வாரம் நடத்தவிருக்கும் பாடங்களைத் தெரிவித்தால், திரும்பிய வாரத்திலேயே முடிக்கச் செய்வோம். அது முக்கியமான வாரம் என்று கருதினால் சொல்லுங்கள், தேதியை மாற்ற முயல்கிறோம்." கடைசி வரியை வெறும் மரியாதைக்காக எழுதாதீர்கள். ஆசிரியர் மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். எடுத்துவிட்டுக் கேட்பது தகவல் சொல்வதாகத்தான் ஆகும்.

குழந்தையையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வருஷம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் வந்ததற்குப் பரிசு வாங்க வேண்டும் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தைகள் உண்டு. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையில் நிற்கும் குழந்தை ஒரு வாரம் ஒத்திகைக்கு வராவிட்டால், அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். நமக்குச் சின்னதாகத் தெரிவது அவர்களுக்கு உலகம்.

போகும்போது பாடப்புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். விடுதி அறையில் உட்கார்ந்து ஹோம்வொர்க் செய்வது படிப்பும் ஆகாது, பயணமும் ஆகாது. ஒரு கதைப் புத்தகம், ஒரு சின்ன நோட்டு போதும். ரயில் நின்ற இடத்தில் ஊர்ப் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பலகையில் அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். அதை எழுதிக்கொண்டே வந்தால், மலை ஏறுவது என்றால் என்னவென்று குழந்தைக்கு எண்ணிலேயே புரியும். சாலையில் போனால் மைல்கல்லின் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இளநீர் வாங்கும்போது 100 ரூபாயைக் குழந்தை கையில் கொடுத்து மீதியை எண்ணி வாங்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழித்தல் அங்கேயே நடந்துவிடும்.

திரும்புவது ஞாயிறு நள்ளிரவு வேண்டாம், சனிக்கிழமையே வந்துவிடுங்கள். திங்கள் காலை தூக்கக் கலக்கத்தோடு போகிற குழந்தைக்கு இன்னும் 2 நாள் வீண். விட்டுப்போன பாடத்தை நோட்டில் காப்பி எடுத்தால் மட்டும் போதாது. நம் குடியிருப்பிலேயே அதே வகுப்புக் குழந்தை யாராவது இருக்கும். மாலையில் அரை மணி நேரம் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, "மிஸ் என்ன சொன்னாங்கன்னு நீ சொல்லு" என்று விடுங்கள். சொல்கிற குழந்தைக்கும் நல்லது, கேட்கிற குழந்தைக்கும் நல்லது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை, வருஷத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் 5 வேலை நாள், ஜூனிலும் தேர்வுக்கு முன்னும் இல்லாமல், உண்மையைச் சொல்லிவிட்டுப் போனால் தாராளமாகப் போய் வாருங்கள். குழந்தைக்கு எழுத்துக் கூட்டுவதிலோ கணக்கிலோ ஏற்கெனவே தடுமாற்றம் இருந்தால், அல்லது இந்த வருஷம் உடம்பு சரியில்லாமல் நிறைய நாள் போயிருந்தால், விடுமுறை வரை பொறுங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் என்று ஆகிவிடுவதால், 5 நாள் என்பது 5 பேரிடம் பாக்கி வைப்பதாகிவிடும். அப்போது இதைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

முடிக்கும் முன் இன்னொரு விஷயம். நம் வளாகத்துக் குழந்தைகள் என்று சொன்னால் நாம் ஃபிளாட்டில் இருக்கும் குழந்தைகளை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். செக்யூரிட்டி அண்ணனுக்கும், இஸ்திரி போடுகிறவருக்கும், நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அக்காக்களுக்கும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் வருஷத்துக்கு ஒரு முறை சொந்த ஊருக்குப் போகிறார்கள். எப்போது போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மே மாதம் லீவு கேட்டால், "பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள், விருந்தாளிகள் வருகிறார்கள், ஸ்கூல் திறந்த பிறகு போயிட்டு வா" என்கிறோம். நம் வீட்டுக் கூட்டம் குறைந்த பிறகு, ஜூனில், அவர்கள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். விட்டுவிட்டுப் போகவும் இங்கே ஆள் இல்லை.

எந்த 2 வாரம் கூடவே கூடாது என்று சொன்னேனோ, அந்த 2 வாரம்தான் அந்தக் குழந்தைக்குப் போகிறது. அரசுப் பள்ளிகளில் விலையில்லாப் பாடநூலும் நோட்டும் கொடுப்பதும் அந்த நாட்களில்தான். நம் குழந்தை ஒரு வாரம் வராவிட்டால் பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு விட்டுப்போன பாடத்தை வீட்டில் சொல்லித்தர யாரும் இல்லாமல் இருக்கலாம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு தாளை வைப்போம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள பணியாளர்கள் மே மாதத்தில் எந்த 10 நாள் ஊருக்குப் போக வேண்டும் என்பதை முதலில் எழுதட்டும். ஒரே நேரத்தில் எல்லோரும் போகாதபடி நாம் நம் விருந்தாளிகளையும் பயணத்தையும் அதற்கேற்றபடி வைத்துக்கொள்வோம். பத்து நாள் நாமே பாத்திரம் தேய்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பி பிளாக்கில் தாளை நான் வைக்கிறேன். மற்ற பிளாக்குகளுக்கு யார் வைப்பது என்று இப்போதே கை தூக்கிவிட்டால், அதை எழுதிக்கொண்டு பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.